பின்கட்டுக்கு வெள்ளையடித்த வாரம்

முதல் முறை அந்தப் பப்புக்குள் நுழைந்ததும் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைத்தேன். அது ஒரு கணம் நின்றது. பிறகு பியர் ஊற்றும் மேடைப் பக்கமிருந்து கணப்படுப்பை நோக்கி மெதுவாக உருள ஆரம்பித்து, வேகம் பிடித்து, அடுப்பின் செங்கல்லில் மோதி நின்றது. தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள் குண்டையும் என்னையும் பார்த்தார்கள். "நாங்கள்கூட இங்கே இவ்வளவு வேகமாக விழுந்ததில்லை" என்றார் ஒருவர். மற்றவர் சிரிக்கவில்லை. இருவரும் பந்தயத்துக்குத் திரும்பினார்கள்.

குறிப்பேட்டில் எழுதினேன்: முன்கூடம். தரை வடக்கே சரிவு.

என் வேலை அதுதான். ஒரு கட்டடக் கலைஞரிடம் இருக்கிறேன். அலுவலகத்தில் அந்த அம்மையாரும் நானும் மட்டும். பழைய கட்டடத்தை இடிக்கவோ மாற்றவோ நகர மன்றத்திடம் அனுமதி கேட்பவர்கள், அதற்கு முன் அதை அறை அறையாகப் பார்த்து எது எந்தக் காலத்தது என்று ஓர் அறிக்கை தர வேண்டும். அவர் அளந்து வரைவார். நான் படம் எடுத்து, பார்த்ததை எழுதுவேன். மதுரையில் ஓர் ஆங்கில நாளிதழுக்கு இருபத்திரண்டு வருடம் நிருபராக இருந்தவன் நான். மனைவிக்கு மெல்போர்னில் நர்ஸ் வேலை கிடைத்ததால் கூடவே வந்தேன். என் பழைய தொழிலுக்கு இங்கே யாரும் வேலை தரவில்லை. ஒரு கதவைப் பற்றி நாலு வரியில் தப்பில்லாமல் எழுத ஆள் வேண்டும் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

பப் இருந்த இடம் மெல்போர்னின் தென்கிழக்கு ஓரத்தில், கிரான்பர்னைத் தாண்டி. ஒரு காலத்தில் கிராமமாக இருந்தது. இப்போதும் பெயர்ப் பலகை கிராமம் என்றுதான் சொல்கிறது. ஆனால் புதுக் குடியிருப்புகளின் கறுப்புக் கூரைகள் மூன்று பக்கமும் வந்து நின்றுவிட்டன. நாலாவது பக்கம் நெடுஞ்சாலை. குதிரை வண்டிகள் ஓடிய நாளில் இது வண்டி நிற்கும் இடம். குதிரைக்குத் தண்ணீர், ஆளுக்குச் சாராயம், மேலே படுக்க அறை. நெற்றியில் 'ஹோட்டல்' என்று பெரிய எழுத்து. நம் ஊரில் அந்தச் சொல்லைப் பார்த்தால் இட்லி கிடைக்கும்; இங்கே பியர் கிடைக்கும். வந்த புதிதில் இப்படி ஒரு வாசலில் நானும் மனைவியும் பசியோடு நின்றது உண்டு.

கட்டடம் முழுக்க மரம். மெல்போர்னைச் சுற்றியுள்ள பழைய மரக் கட்டடங்கள் பல அஸ்திவாரத்தின்மேல் நிற்பதில்லை. மண்ணில் நட்ட குட்டைக் கட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கும். கட்டை மண்ணுக்குள் இறங்கினால் தரையும் கூடவே இறங்கும். சுவர் என்பது ஒரு மரச் சட்டகம். மூலைக்கு மூலை தடித்த தூண், மேலே உத்திரம், இடையில் வரிசையாகச் சிறு கால்கள். ஒரு மரத்தின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, இன்னொரு மரத்தில் துளை வெட்டி, நாக்கைத் துளைக்குள் இறக்கி ஒரு முளை அடித்திருப்பார்கள். வெளியே பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று மீன் செதில் மாதிரி அடித்துப் பெயின்ட் பூசியிருப்பார்கள். சட்டகம் வெளியே தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமானால் பலகையைக் கழற்ற வேண்டும், அல்லது கூரைக்குள் ஏற வேண்டும்.

முன்கட்டைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. அது பழையது, காக்கப்பட்டது, யாரும் தொட முடியாது. கேள்வி பின்கட்டைப் பற்றியது. முன்கட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு நீண்ட இரண்டு மாடிப் பகுதி. கீழே சமையலறை, மேலே மூன்று சின்ன அறைகள். அது முன்கட்டோடு சேர்த்துக் கட்டியது என்றால் அதுவும் காக்கப்படும். வெகு காலம் கழித்து ஒட்டவைத்தது என்றால் இடிக்கலாம். உரிமையாளருக்கு அந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு சாப்பாட்டுக் கூடம் வேண்டும். அவர் கெட்ட மனிதரில்லை. எது உண்மையோ எழுதுங்கள் என்றுதான் சொன்னார்.

மேலே மூன்று அறைகளில் இரண்டில் உடைந்த நாற்காலிகளும் பழைய மின்விசிறிகளும் கிடந்தன. மூன்றாவதில் ஓர் ஆள் குடியிருந்தார். கதவைத் தட்டினேன். உள்ளே இருந்து ஆங்கிலத்தில் "ஒரு நிமிஷம்" என்று குரல் வந்தது. கதவு திறந்தது. வெள்ளைச் சமையல் சட்டை, நாற்பத்தைந்து வயது. என் முகத்தைப் பார்த்தார்.

"தமிழோ?" என்றார்.

"ஆமா."

"ஆமா!" என்று திரும்பச் சொல்லிச் சிரித்தார். "இந்தியாத் தமிழ். வாங்கோ அண்ணை, உள்ளுக்கு வாங்கோ. உந்தக் கதிரையில இருங்கோ. இந்தப் பப்புக்கு ஒரு தமிழ் ஆள் வந்து ஆறு வருஷமாச்சு. கடைசியா வந்த ஆள் நான்தான்."

கிளிநொச்சிப் பக்கத்து ஆள். படகில் வந்தவர். முகாம், விசா, கைமாறிய வாடகை வீடுகள் எல்லாவற்றையும் கடந்து இந்தச் சமையலறைக்கு வந்து சேர்ந்திருந்தார். வேலையோடு அறையும் கிடைத்தது. ஒரு கட்டில், மேசை, ஜன்னலுக்கு மேலே சின்ன முருகன் படம், கதவுக்குப் பின்னால் கோயில் காலண்டர். சுவரில் நிறம் போன பூப்போட்ட வால்பேப்பர். ஜன்னல் ஓரத்தில் அது உரிந்து தொங்கியது.

"என்ன சமைக்கிறீங்க இங்க?"

"பார்மாதான். கோழியைத் தட்டி, பொரிச்சு, சீஸ் போட்டு. வெள்ளைக்காரன் பிறக்கேக்கையே அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் பிறக்கிறான் அண்ணை. எனக்குச் சோறும் சொதியும். குசினி பூட்டின பிறகு வைக்கிறனான்." பிறகு குரல் மாறியது. "அண்ணை, நீங்கள் ஏன் வந்தனீங்கள் எண்டு முதலாளி சொன்னவர். இந்த அறை நிக்குமோ?"

"பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

"குசினி வேலை எங்கயும் கிடைக்கும். அறைதான் கிடைக்காது. என்ர பேரில ஒரு வாடகைப் பத்திரமும் இதுவரை இல்லை. ஏஜென்டிட்டப் போனா, முந்தி எங்க இருந்தனீங்கள் எண்டுதான் முதல் கேள்வி. பப்புக்கு மேல எண்டு சொன்னா ஒரு மாதிரிப் பாக்கினம்." கட்டிலைக் காட்டினார். "ஆறு வருஷம் ஒரே கட்டில். இவ்வளவு காலம் ஒரே இடத்தில படுத்தது சின்ன வயசுக்குப் பிறகு இதுதான்."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உரிந்த வால்பேப்பருக்குப் பின்னால் சாக்குத் துணி. துணியின்மேல் அச்சடித்த காகிதம். குனிந்து பார்த்தேன். செய்தித்தாள். பலகைச் சுவரின் இடுக்குகளில் காற்று வராமலிருக்கச் சாக்கை இழுத்துக் கட்டி, அதன்மேல் பழைய செய்தித்தாளை ஒட்டி, அதற்குமேல் வால்பேப்பர் ஒட்டுவது அந்தக் காலத்து வழக்கம். உள்ளங்கை அளவுதான் தெரிந்தது. ஒடுங்கிய பத்திகள், பத்திகளுக்கு நடுவே மெல்லிய கோடு, கப்பல் சரக்கு விளம்பரத்தின் பாதி. எழுத்தின் வெட்டைப் பார்த்தாலே பழையது என்று தெரிந்தது. எவ்வளவு பழையது என்று சொல்லத் தேதி வேண்டும். ஒரு சுவர் முழுக்க ஒட்டியிருந்தால் எங்காவது ஒரு பக்கத்தின் தலைப்பு இருக்கும், அதில் தேதி இருக்கும். அந்தத் தேதியில், அல்லது அதற்கு அடுத்த சில வருடங்களில், இந்தச் சுவர் இங்கே நின்றது என்றாகும். பின்கட்டைக் காப்பாற்ற அது போதும்.

கைப்பேசியில் ஒரு படம் எடுத்தேன். வெளிச்சம் போதவில்லை. சுவரை முறையாகப் பிரிக்க ஈரத்துணியும் மெல்லிய தகடும் பொறுமையும் வேண்டும். கட்டடக் கலைஞரோடு வந்துதான் செய்ய முடியும்.

"அடுத்த வியாழக்கிழமை வர்றோம், தம்பி. இந்த அறையைத்தான் நல்லாப் பாக்கணும். எல்லாச் சுவரையும் படம் எடுப்போம்."

"ஓம் அண்ணை. வாங்கோ."

அவ்வளவுதான் சொன்னேன். செய்தித்தாளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எதைத் தேடுகிறாய் என்பதைச் செய்தி தருகிறவனிடம் முன்கூட்டியே சொல்லாதே என்பது நான் முதல் வாரத்தில் கற்ற பாடம். சொன்னால் அவன் உனக்குப் பிடித்ததைச் சொல்வான். நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிறகு பறிக்கவும் எனக்கு விருப்பமில்லை. இரண்டும் நல்ல காரணங்கள் என்று காரில் திரும்பி வரும்போது நினைத்தேன்.

என் வீடு கிரான்பர்னில் ஒரு புதுக் குடியிருப்பில் இருக்கிறது. நாலு படுக்கையறை. மகள் சிட்னியில், டூங்கபியில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்தபோது மூன்று மாதம் கூட இருக்கப் போன மனைவி அங்கேயே ஒரு மருத்துவமனையில் சேர்ந்துவிட்டாள். குழந்தைக்கு இப்போது மூன்று வயது. எங்களுக்குள் சண்டை எதுவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசுவோம். மற்ற நாட்களில் நான் ஓர் அறையில் படுத்து, ஓர் அறையில் எழுதி, இரண்டு அறைகளின் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை கட்டடக் கலைஞரோடு போனேன். மாடிப்படி ஏறும்போதே பெயின்ட் வாசனை வந்தது. முன்கட்டில் எங்கோ வேலை நடக்கிறது என்று நினைத்தேன்.

அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. சமையல்காரர் நடுவில் நின்றார். தலைமுடியில் வெள்ளைப் புள்ளிகள். நான்கு சுவரும் வெள்ளை. பலகைக்கும் பலகைக்கும் நடுவிலிருந்த இடுக்குகளில் மாவு போன்ற எதையோ அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று பூச்சு அடித்திருந்தார். ஆணித்தலை ஒன்றுகூடத் தெரியவில்லை. முருகன் படம் பழைய இடத்திலேயே நேராகத் தொங்கியது.

"எப்பிடி அண்ணை?" என்றார். "திங்களும் செவ்வாயும் குசினி பூட்டு. ரெண்டு நாளும் இதுதான் வேலை. அந்த ஊத்தை எல்லாத்தையும் சுரண்டி எடுத்திட்டன். கடதாசியும் சாக்கும் நாலு பை."

"நாலு பை எங்க?" என்றேன்.

"எறிஞ்சிட்டன். நேற்றுக் குப்பை லொறி வந்தது."

கட்டடக் கலைஞருக்குத் தமிழ் தெரியாது, தெரிய வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் ஓரத்துக்குப் போய் விரலால் சுவரைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

"ஏங்க இப்படிப் பண்ணுனீங்க?"

"என்ன அண்ணை? நீங்கள்தானே எல்லாச் சுவரையும் படமெடுப்பம் எண்டனீங்கள்." அவர் முகத்திலிருந்த சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. "ஏஜென்ட் படமெடுக்க வாற வீட்டில நாங்கள் எப்பிடி இருந்தனாங்கள் தெரியுமோ? டாண்டினோங்கில ஆறு பேர் ஒரு வீடு. வாறதுக்கு முதல் நாள் அடுப்பைப் பல்லுத்தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ப்பம். கறிமணம் போக எல்லா ஜன்னலையும் திறந்து வச்சிட்டுக் குளிரில நடுங்குவம். ஒருக்கா சுவரில ஒரு எண்ணெய்க் கறை. ஏஜென்ட் அதைப் படமெடுத்தாள். ஒரு மாசத்தில வீட்டை விடச் சொல்லிக் கடிதம். ஊத்தைச் சுவரைப் படமெடுத்தா இடிக்கத்தானே அண்ணை சொல்லுவாங்கள்?"

இதில் தப்பு ஒன்றுமில்லை. என் தெருவிலும் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். சோதனைக்கு ஆள் வரும் என்றால் பண்டிகைக்குச் செய்வதைவிட அதிகம் செய்வார்கள். மீட்டர் அளவு பார்க்க வந்தவருக்காகச் சுவரைத் துடைத்தவள் என் மனைவி. ஒரு தமிழர் குடியிருக்கும் அறையை இன்ன நாளில் வந்து படம் எடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் சொன்னேன். சாக்கு, அதன்மேல் செய்தித்தாள், அதில் இருந்திருக்கக்கூடிய தேதி, அந்தத் தேதியால் நடந்திருக்கக்கூடியது. கைப்பேசியில் இருந்த மங்கலான படத்தைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை."

"ஆமா."

"ஒரு சொல்லுத்தானே."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கட்டடக் கலைஞர் திரும்பினார். "கூரை இன்னும் இருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில். "அதற்கு யாரும் பெயின்ட் அடித்திருக்க மாட்டார்கள்."

நான் அவருக்குத் தமிழில் விளக்கினேன். இந்த மாதிரிச் சட்டகங்களைத் தரையிலேயே வெட்டிப் பொருத்திப் பார்த்து, பிரித்து, பிறகுதான் நிமிர்த்துவார்கள். ஒவ்வொரு நாக்கும் அதனதன் துளைக்குத்தான் பொருந்தும். மாறிப் போகாமலிருக்கத் தச்சர்கள் உளியால் எண் வெட்டுவார்கள், ரோம எண்கள், நேர்க்கோடுகளாக. முன்கட்டுக் கூரையில் முந்தைய வாரமே பார்த்துவிட்டேன். தூண்கள் ஒன்றிலிருந்து எட்டு வரை. பின்கட்டில் அது ஒன்பதிலிருந்து தொடர்ந்தால் இரண்டும் ஒரே வேலை, ஒரே காலம். அறை நிற்கும்.

"ஒன்பது இருந்தாக் காணும்?"

"போதும்."

அவர் உடனே எழுந்து கீழே போய் ஏணி கொண்டுவந்தார். அறைக்கு வெளியே நடையின் உட்கூரையில் ஒரு சதுரப் பலகை மூடி இருந்தது. நான் ஏறினேன். கட்டடக் கலைஞர் கீழே குறிப்பெழுதத் தயாராக நின்றார். சமையல்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். தேவைக்கு அதிகமாக இறுக்கிப் பிடித்தார் என்பது என் காலுக்குத் தெரிந்தது.

கூரைக்குள் தகரத்தின் சூடு. தகரத்துக்குக் கீழே ஆணி நீட்டிக்கொண்டிருந்த பழைய சட்டங்கள், எலிப் புழுக்கை, ஒரு பியர் பாட்டில். கைமரங்களில் ரம்பத்தின் தடம் வளைவு வளைவாக இருந்தது; வட்ட ரம்பம், ஆனால் அது முன்கட்டிலும் உண்டு, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முழங்காலால் நகர்ந்து முதல் மூலைத் தூணின் தலைக்குப் போனேன். தூரிகையால் தூசியைத் துடைத்தேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். உளிக் கோட்டின் நிழல் விழுந்தது.

"என்ன நம்பர் அண்ணை?"

நான் இன்னொரு முறை துடைத்தேன்.

"அண்ணை?"

"ஒண்ணு."

கீழே ஏணி ஒரு தடவை அசைந்து நின்றது.

"ஒண்டோ? வடிவாப் பாருங்கோ. தூசி அடைச்சிருக்கும்."

அவர் சொன்ன மாதிரி வடிவாக, நன்றாக உற்றுப் பார்த்தேன். ஒரே ஒரு கோடு. அடுத்த தூணுக்கு நகர்ந்தேன். இரண்டு கோடு. அதற்கடுத்தது மூன்று. யாரோ எப்போதோ புதிதாக எண்ண ஆரம்பித்திருந்தார்கள். முன்கட்டு முடிந்த அடுத்த வருடமாக இருக்கலாம். நாற்பது வருடம் கழித்தும் இருக்கலாம். மரம் அதைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது நாலு பைகளில் போய்விட்டது.

இறங்கி வந்தேன். அவர் ஏணியை விடவில்லை.

"ஒன்பதை எப்பிடி வெட்டுவாங்கள்?"

"ஒரு வி. பக்கத்துல நாலு கோடு. தச்சருங்க ஒன்பதை அப்படித்தான் போடுவாங்க."

"குசினியில நல்ல கத்தி இருக்கு அண்ணை," என்றார். "ஒரு வி-யும் மூண்டு கோடும்தானே குறையுது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன சிரிப்பு என்று கட்டடக் கலைஞர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து, "நல்ல தச்சராக வந்திருப்பார்" என்று மட்டும் சொன்னார்.

அறிக்கையின் அந்தப் பத்தியை எழுத எனக்கு நாலு நாள் ஆனது. மங்கலான படத்தைச் சேர்த்தேன். அச்செழுத்து பழையதாகத் தோன்றுகிறது, தேதி அறிய முடியவில்லை என்று எழுதினேன். தோன்றுகிறது என்ற சொல்லை நான் நிருபராக இருந்தபோது ஒரு முறைகூடப் பயன்படுத்தியதில்லை. கட்டடக் கலைஞர் வாசித்துவிட்டு, "இதற்குமேல் ஏதாவது எழுத முடியுமா? நீ நின்று பதில் சொல்லக்கூடியதாக?" என்று கேட்டார். அவரும் விரும்பினார் என்று அந்தக் கேள்வியில் தெரிந்தது. இல்லை என்றேன். "பின்கட்டின் காலம் நிறுவப்படவில்லை" என்ற வரி அப்படியே போனது. நகர மன்றம் முன்கட்டைக் காக்கச் சொல்லி, பின்கட்டை இடிக்க அனுமதி கொடுத்தது. உரிமையாளர் சமையல்காரருக்கு இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மனைவியிடம் முழுதையும் சொன்னேன். அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"பாவம். ஏன், நம்ம வீட்லதான் ரெண்டு ரூம் சும்மா கெடக்கே. வரச் சொல்லுங்களேன்."

"பாக்கலாம்."

"என்னத்தப் பாக்கலாம்? உங்களுக்கும் ஒரு தொணையா இருக்கும்ல. வாயத் தொறந்து கேட்டாத்தான் என்னவாம்?"

"கேக்குறேன்" என்றேன்.

கேட்கும் வாக்கியத்தைத் தயாரித்தும் வைத்திருந்தேன். வீடு சும்மா கிடக்கிறது, வேறு இடம் கிடைக்கும்வரை வந்து இருங்கள். அதிகச் சொல் இல்லாத வாக்கியம். அதோடு இரண்டு தடவை அந்தப் பப்புக்குப் போனேன். முன்கூடத்தில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோடா குடித்தேன். அவர் வேலை முடிந்து வந்து எதிரே உட்கார்ந்தார். எந்தெந்த ஏஜென்டிடம் போனார், யார் என்ன சொன்னார்கள் என்று சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொள்வது எனக்கு நன்றாக வரும். குளியலறையில் இன்னொருவரின் துண்டு, காலையில் இன்னொருவரின் இருமல், சோறு வெந்ததா என்று ஒரு குரல். தயாரித்த வாக்கியத்துக்குப் பின்னால் இவையெல்லாம் வரிசையாக நின்றன. இரண்டு தடவையும் சோடாவைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

இரண்டாம் தடவை அவர் ஒன்று கேட்டார். "அண்ணை, அண்டைக்கு அறையைப் படமெடுத்தனீங்கள்தானே? வெள்ளையடிச்ச பிறகு. அதை எனக்குத் தருவியளோ? ட்ருகனினாவில ஒரு சின்ன யூனிட் இருக்கு. முந்தி இருந்த இடத்தை எப்பிடி வச்சிருந்தனீங்கள் எண்டு ஏஜென்ட் கேக்கிறாள்."

பன்னிரண்டு படங்கள் இருந்தன. நான்கு சுவர், தரை, உட்கூரை, ஜன்னல், கதவு. ஒவ்வொன்றிலும் அளவு காட்ட நான் சாத்தி வைத்த கறுப்பு வெள்ளைக் கோல். அன்றிரவே எல்லாவற்றையும் அனுப்பினேன். நாலு நாளில் பதில் வந்தது. வீடு கிடைத்துவிட்டது. "அந்தக் குச்சி என்ன எண்டு கேட்டவள் அண்ணை. அளவு பாக்கிறது எண்டன். இவ்வளவு கவனமான குடியிருப்பாளரைத் தான் கண்டதில்லையாம்." கூடவே ஒரு சிரிக்கும் முகம்.

அறிக்கைக்கு உதவாத அந்தப் படங்கள் அவருக்கு உதவின. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நிம்மதியில் ஒரு பகுதி வேறொன்று என்பதையும் எழுதிவிட வேண்டும். இனி நான் கேட்க வேண்டியதில்லை.

அவர் போன நாள் ஒரு திங்கட்கிழமை. காலியான அறையைக் கடைசியாக ஒரு முறை பதிவு செய்ய வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. அதனால் நானும் அன்று காலை போனேன். அவர் இரண்டு பைகளையும் சோறு வடிக்கும் மின்குக்கரையும் காரின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டிருந்தார். முருகன் படம் முன்னிருக்கையில், பெல்ட் போட்டு உட்கார்த்தியிருந்தது.

"விபத்தெண்டா அவருக்குத்தான் முதல்ல பாதுகாப்பு" என்றார்.

காரின் மறுபக்கம் வந்து, கதவில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணை, இவ்வளவு நாளும் கேக்கேல்ல. நீங்கள் கிரான்பர்னில தனியவோ இருக்கிறியள்?"

"குடும்பம் சிட்னில இருக்கு" என்றேன்.

அதில் பொய் ஒன்றுமில்லை. கேட்ட கேள்விக்கு அது பதிலுமில்லை. அப்படி ஒரு பதிலை எந்த மந்திரி சொன்னாலும் நான் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பேன். அவர் கேட்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓ. அப்ப சரி அண்ணை. ட்ருகனினாப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்கோ. சோறும் சொதியும் இருக்கும். போட்டு வாறன்."

"போய்ட்டு வாங்க தம்பி."

கார் நெடுஞ்சாலையில் ஏறி மேற்கே திரும்பும்வரை நின்றேன். பிறகு மாடிக்குப் போனேன்.

அடுத்த திங்கட்கிழமை இடிக்கப்போகும் அறையை அவர் கழுவியிருந்தார். தரைப் பலகைகள் இன்னும் ஈரம். ஜன்னல் கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைத்திருந்தார். கசக்கிய தாள் ஜன்னல் விளிம்பில் இருந்தது, அதன்மேல் சாவி. விரித்துப் பார்த்தேன். முந்தின நாள் ஞாயிறு இதழ். தேதி தெளிவாக இருந்தது. சுவரில் படம் தொங்கிய ஆணியையும் காலண்டர் ஆணியையும் பிடுங்கி, துளைகளை மாவால் அடைத்து, மேலே வெள்ளை தொட்டிருந்தார். விரலை வைத்தேன். ஒட்டியது.

அளவுக்கோலைச் சுவரில் சாய்த்தேன். நாலு சுவரையும் படம் எடுத்தேன். குறிப்பேட்டில் எழுதினேன்: பின்கட்டு, மேல்மாடி, மூன்றாம் அறை. காலி. சுவர் வெள்ளை. ஆணித் துளைகள் இரண்டு, இன்று காலை அடைக்கப்பட்டவை, பெயின்ட் உலரவில்லை.

உலரும்வரை அங்கேயே இருந்தேன்.